சிவப்பு எண்ணின் மேல் கறுப்பு வட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறியோடு வீடு திரும்பினேன். வாசலில் பதின்மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன.

எண்ணினேன் என்பது உண்மைதான். இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகர், "மேஜையில் எத்தனை ஆணி இருந்தது என்பதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் இருபத்தைந்து வருஷம் பட்டுக் கடையில் நெய்து வந்த சேலைகளை விரித்துக் குறை பார்த்தவன் நான். ஓர் இழை விட்டிருந்தால் கண் தானாக அங்கே போய் நிற்கும். கண்ணுக்கு ஓய்வு கொடுக்க எனக்குத் தெரியாது.

செருப்புகளில் ஒன்றுக்கு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. இரண்டு ஜோடி புத்தம் புதியவை. காலை எட்டு மணிக்குள் ஒரு வீட்டு வாசலில் இத்தனை செருப்பு கிடந்தால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். நான் கறிப் பையை மறைத்துப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

உள்ளே என் மனைவி வசந்தாவின் குரல் கேட்டது. "ஏ ஸ்கொயர், அப்பறம்? பின்னாடி ஒக்காந்துகினு தலையாட்டாத, வாயத் தொறந்து சொல்லு."

பதின்மூன்று குரல்கள் சேர்ந்து பதில் சொல்லின.

அது நான் விலை கொடுத்து வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை. அதற்காகச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதியை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அமாவாசை ஊர்

ஆரணியில் கைத்தறிக்கு விடுமுறை ஞாயிறு அல்ல, அமாவாசை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அன்றைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டார்கள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். சேலை வராத நாளில் சேலைக் கடைக்கு வேலை இல்லை. அதனால் நான் இருந்த கடையும் அமாவாசைக்கு மூடியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையோ எங்களுக்கு மூச்சு விட முடியாத நாள். கல்யாண ஜவுளி எடுக்க சென்னையிலிருந்து கார்களில் வந்து இறங்குவார்கள். ஒரு முகூர்த்தச் சேலையைத் தேர்ந்தெடுக்க ஒன்பது பேர் வருவார்கள். ஒன்பது பேருக்கும் ஒன்பது கருத்து இருக்கும்.

வசந்தா ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. அமாவாசையைப் பள்ளிக்கூடம் மதிப்பதில்லை.

ஆக, நாங்கள் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்க ஒரே வீட்டில் இருக்க வேண்டுமென்றால் அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வர வேண்டும். மாதக் காலண்டரில் ஞாயிறு சிவப்பு எண், அமாவாசைக்குக் கறுப்பு வட்டம். சிவப்பு எண்ணின் மேல் கறுப்பு வட்டம் விழுகிற நாள் வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் மற்றவர்கள் தீபாவளி என்ன கிழமை என்று பார்ப்பார்கள். நான் அந்த வட்டத்தைத்தான் தேடுவேன்.

தீபாவளி, பொங்கலுக்கு விடுமுறை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அந்த நாட்கள் என் தங்கை குடும்பத்துக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சேர்ந்தவை. பதினான்கு பேருக்கு இட்லி ஊற்றுகிற பெண்ணோடு உட்கார்ந்து பேச முடியாது.

ஆறடித் தூரம்

நான் வளர்ந்த வீடு இதற்கு நேர் எதிர். அப்பா தறியில் இருப்பார். ஆறடி தள்ளி அம்மா ராட்டையில் தார்க் குச்சிக்கு நூல் சுற்றுவாள். முப்பது வருஷம் அவர்கள் இருவரும் காலை முதல் இருட்டும்வரை ஒரே அறையில் இருந்தார்கள்.

எனக்குப் பதின்மூன்று வயதில் டைரிப் பைத்தியம் பிடித்தது. ஒரு நாள் முழுக்க அவர்கள் ஒருவரோடொருவர் பேசியதை ஒன்று விடாமல் நோட்டில் எழுதினேன். மொத்தம் ஒன்பது வாக்கியங்கள். ஏழு, நூலைப் பற்றி. ஒன்று, மழை வருமா என்பது. மிச்சம் ஒன்று, "இவன் என்னா எழுதிகினே கீறான்?"

இதைப் பார்த்துத்தான் நான் தறியில் உட்காரவில்லை. வீடு வேறு, வேலை வேறு என்று இருந்தால் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் பேச்சாக இருக்கும் என்று நம்பினேன். வீட்டில் இருக்கிற நேரம் என்று ஒன்று மிஞ்ச வேண்டும் என்பதை யோசிக்கவில்லை.

தெள்ளார்ப் பெண்

வசந்தாவுக்கு ஊர் தெள்ளார். நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவில் வீடு. கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்தபோது, விடியற்காலையில் தொடங்கும் தறிச் சத்தத்தில் அவளால் தூங்க முடியவில்லை. தெருவில் அப்போது நாற்பது தறிகளுக்கு மேல் ஓடின. தலைக்குள் யாரோ அரிசி இடிப்பதுபோல இருக்கிறது என்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிற்று. அவள் அம்மா வந்து பார்த்துவிட்டு என்னைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கல்யாணமான நாலாவது மாதத்தில் முதல் அமாவாசை ஞாயிறு வந்தது. நான் அதற்காக ஒரு தாள் நிறையக் குறித்து வைத்திருந்தேன். அவளிடம் சொல்ல வேண்டியவை, கேட்க வேண்டியவை. சிரிக்காதீர்கள், வரிசை எண் போட்டிருந்தேன்.

காலையில் எழுந்தவள் பல் விளக்காமல் வாசலில் வந்து நின்றாள். "இன்னாங்க, ஊரே செத்துப்போன மாதிரி கீது?" என்றாள். அமாவாசை என்றேன். அவளுக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று. பிறகு முகமே மாறிவிட்டது. குளித்தாள், சமைத்தாள், பதினொரு மணிக்கே சாப்பாடு போட்டாள். சிமென்ட் தரையில் புடவைத் தலைப்பை விரித்துப் படுத்தாள். நாலு மணிவரை அசையவில்லை.

நான் தாளை மடித்து வைத்தேன். அன்றைய டைரியில் எழுதியது: "நாள் வீண்."

பதினொன்று

இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை அமாவாசை. வசந்தா பள்ளிக்குப் போயிருந்தாள். எங்கள் ஒரே மகள் வேலூரில் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் இருந்தாள். நான் மட்டும் வீட்டில். பரணிலிருந்து டைரிகளை இறக்கித் தூசி தட்டினேன். தட்டும்போது ஒரு யோசனை வந்தது. அமாவாசை ஞாயிறுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

முப்பத்தெட்டு வந்தது. அதில் சொந்தக்காரர் கல்யாணம், புதுமனைப் புகுவிழாவுக்குப் போனவற்றை அடித்தேன். பள்ளி ஆண்டு விழா, தேர்தல் வேலை, சாவு, கருமாதி, விருந்தாளி வந்த நாட்களை அடித்தேன். மிஞ்சியவை பதினொன்று.

அவற்றில் ஒன்றுக்கு நேரே "நாள் வீண்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

பெரணமல்லூரில் நடந்த அவள் தம்பி கல்யாண ஆல்பத்தையும் எடுத்துப் பார்த்தேன். கல்யாணம் ஒரு ஞாயிறு. கடையில் விடவில்லை. நூற்றுப் பன்னிரண்டு படங்களில் நான் இல்லை. அங்கே ஒரு பெரியம்மா வசந்தாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "பொட்டு வெச்சிகினு கீற, வூட்டுக்காரன் எங்க?" என்று கேட்டாராம். அவள் சிரித்துக்கொண்டேதான் அதை என்னிடம் சொன்னாள். இப்போது அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை.

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. இப்படியே போனால் ஓய்வு பெறுவதற்குள் இன்னும் ஐந்தோ ஆறோ கிடைக்கும் என்று தோன்றியது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"சர்ச்சுக்குப் போறியா?"

மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். அமாவாசைக்கு நான் வந்து வேலை செய்கிறேன், பதிலாக ஞாயிறு விடுப்பு கொடுங்கள் என்றேன்.

"ஏம்பா சேகரு, அமாவாசைக்கு இங்க வந்து என்னா பண்ணுவ? செவுத்துல பல்லி எண்ணுவியா?"

சம்பளம் இல்லாமலாவது ஞாயிறு வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சர்ச்சுக்கு கிர்ச்சுக்குப் போறியா?"

"இல்லிங்க."

"வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. வீட்ல இருக்கணும், அவ்ளோதான்."

என்ன கறை என்று கண்டுபிடிக்க முடியாத சேலையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு, சம்பளம் பற்றவில்லை என்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே என்று சொல்லி, அடுத்த மாதத்திலிருந்து உயர்த்தியும் கொடுத்தார். நல்ல மனிதர். நான் கேட்டது அதை அல்ல என்பதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

கடையில் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைக்கும் ஜெயசீலன் எங்களுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கிறிஸ்தவன். ஞாயிறுகளில் ஆராதனை முடித்துப் பதினொரு மணிக்குத்தான் வருவான். முதலாளி ஒரு நாளும் அதைக் கேள்வி கேட்டதில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாக அழைத்தான்.

"அண்ணா, சர்ச்சுக்குன்னே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சாமிக்குன்னா லீவு குடுப்பாங்க. பொண்டாட்டிகூட ஒக்காந்துகினு இருக்கறதுக்குன்னா எவன் குடுப்பான்?"

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே உதவ நினைத்தான். அவனுடைய கடவுளை என் வசதிக்கு எடுத்துக்கொள்ள எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஆனால் பேச்சு பரவிவிட்டது. ஒரு வாரத்தில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண், "உங்க வூட்டுக்காரரு வேதத்துல சேந்துட்டாராமே" என்று வசந்தாவிடம் கேட்டிருக்கிறாள். அன்று நான் வீட்டுக்கு வந்ததும் வசந்தா, ஞாயிறு லீவு எதற்காகக் கேட்டீர்கள் என்று விசாரித்தாள்.

சும்மாதான் என்றேன். கிடைத்த பிறகு சொல்லி அவளை ஆச்சரியப்பட வைக்கலாம் என்று நினைத்தேன். பையில் இருந்த தாளை அப்போதே எடுத்துக் காட்டியிருக்க வேண்டும்.

குறைவாகக் கேட்டவன்

நாலு மாதம் தேடினேன். எங்கே போனாலும் என் முதல் கேள்வி ஞாயிறு விடுமுறை உண்டா என்பது. அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். சம்பளத்தை முதலில் கேட்கிறவனை அவர்களுக்குப் புரிகிறது.

கடைசியில் வந்தவாசிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஸ்டோர் கீப்பர் வேலை காலியாக இருந்தது. சோதனைக் குழாய், சாக்பீஸ், ஜெனரேட்டர் டீசல் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்து எழுதி வைக்கிற வேலை. திங்கள் முதல் சனிவரை. பஸ்ஸில் போய் வரும் நேரத்தைச் சேர்த்தால் காலை ஏழரைக்குக் கிளம்பி இரவு ஏழரைக்குத் திரும்பலாம். ஞாயிறு கட்டாய விடுமுறை. அன்று கேட்டையே திறக்க மாட்டார்கள்.

சம்பளத்தைச் சொல்லிவிட்டு அங்கிருந்த நிர்வாக அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றேன். அவர் வயதில் இளையவர். "சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. அங்க ஏதாச்சும் பிரச்சினையா?" என்றார்.

குறைந்த சம்பளத்துக்கு வருகிறவன் எதையாவது திருடியிருக்க வேண்டும். அவர் பட்டுக் கடைக்குப் போன் செய்து விசாரித்தார் என்பது பிறகு தெரிந்தது. முதலாளி, "அவன் தங்கம். புத்திதான் கொஞ்ச நாளா பேஜாரா கீது" என்று சொன்னாராம். அந்தச் சான்றிதழில்தான் வேலை கிடைத்தது.

டைரியில் ஒரு பொய்

வேலை உறுதியான அன்று சமையலறையில் வசந்தாவிடம் சொன்னேன். சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் விரித்தேன். இனிமேல் கறுப்பு வட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், சிவப்பு எண் எல்லாமே நம்முடையது என்றேன். பையில் நைந்துபோயிருந்த தாளையும் காட்டினேன்.

அவள் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "சம்பளம் எவ்ளோங்க?"

சொன்னேன்.

அவள் காலண்டரை என் கையிலிருந்து வாங்கிப் போய் ஆணியில் மாட்டினாள். கோணலாக இருந்ததை நேராக்கினாள். வந்து மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்தாள். நெகிழ்ந்து போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று டைரியில், "வசந்தாவுக்கு மிகுந்த மகிழ்ச்சி" என்று எழுதினேன். முப்பத்தைந்து வருஷ டைரிகளில் நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதியது அந்த ஒரு வரிதான்.

கறிப் பையோடு

அப்படி வந்து சேர்ந்த முதல் ஞாயிறுதான் நான் தொடக்கத்தில் சொன்னது. கூடத்தில் பதின்மூன்று பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பீரோவின்மேல் ஒரு வெள்ளைப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நான் கறிப் பையோடு அவர்களைத் தாண்டிச் சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே வசந்தா வந்தாள்.

"என்ன வசந்தா இது?"

"பத்தாவது பசங்க. மத்தியானம் ரெண்டரைக்குப் பன்னெண்டாவது வருவாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீங்க சொன்னீங்களா?"

குரலில் கோபம் இல்லை. பையைப் பிரித்துக் கறியைப் பார்த்தாள், எலும்பு அதிகம் போட்டிருக்கிறான் என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"பொண்ணுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும்ல. வேற என்னிக்கு வெக்கறதுங்க? வார நாள்ல எனக்கும் ஸ்கூலு, அதுங்களுக்கும் ஸ்கூலு. ஞாயித்துக்கிழமதான் எல்லாருக்கும் லீவு."

கூடத்தில் ஒரு பையன் எதற்கோ சிரித்தான். அவள், "இதக் கழுவி மஞ்சள் போட்டு வெச்சிருங்க, பதினொண்ணேகாலுக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கழுவினேன், மஞ்சள் போட்டேன். பதினொன்றேகாலுக்கு அல்ல, பதினொன்று நாற்பதுக்கு வந்தாள்.

எங்கள் வீடு ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. அறையிலிருந்து வெளியே வர வேண்டுமானால் கூடத்தின் வழியாகத்தான் வர வேண்டும். வரும்போதெல்லாம் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். தண்ணீர் குடிக்க வந்தால் எழுந்து நிற்பார்கள். கழிப்பறைக்குப் போனால் எழுந்து நிற்பார்கள், திரும்பி வந்தாலும் நிற்பார்கள். மூன்றாவது வாரம் வசந்தா தயங்கித் தயங்கி, "நீங்க கொஞ்சம் வெளிய போய்ட்டு வரீங்களா? அதுங்க கவனம் கலையுது" என்றாள்.

போனேன். ஆற்றுப் பாலத்தில் நின்று தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு செய்தித்தாள்களை விளம்பரம் உட்படப் படித்தேன். டீக்கடையில் ஒருவர், "ரிட்டயர் ஆய்ட்டீங்களா சார்?" என்று கேட்டார். இப்படி ஒன்றரை வருஷத்துக்கு மேல். நடுவில் மூன்று முறை அமாவாசையும் ஞாயிறும் சேர்ந்து வந்தன. தேர்வு நெருங்குகிறது என்று டியூஷன் நடந்தது.

வார நாட்களில் நான் ஏழரைக்கே வந்துவிடுகிறேனே என்று தோன்றலாம். வருவேன். அவள் அப்போது விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நாங்கள் பேசியதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது வாக்கியங்கள்கூடத் தேறவில்லை.

கை தானாக

ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி நேரே பழைய கடைக்குள் போய்விட்டேன். கால் அங்கேதான் போயிற்று. ஜெயசீலன் நாற்காலி போட்டு டீ வாங்கி வந்தான்.

என் இடத்தில் முதலாளியின் மச்சான் மகன் நின்று சேலை பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணக் கூட்டம் அவனைப் போட்டு நெருக்கியது. மேஜையில் ஒரு மாம்பழ நிறச் சேலை விரிந்து கிடந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தது எனக்குத் தெரியாது. என் கை அதற்குள் சேலையின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. முந்தானையிலிருந்து மூன்று முழம் தள்ளி நின்றது.

"இங்க ஊடை இழ ஒண்ணு விட்டிருக்கு, பாரு" என்றேன். அவன் குனிந்து பார்த்தான். அவனுக்கு அப்போதும் தெரியவில்லை. விரலை வைத்துக் காட்டினேன்.

மழை நின்ற பிறகும் நான் கிளம்பவில்லை. மூன்று மணி நேரம் சும்மா சேலை பார்த்தேன். அன்றைக்கு மனம் சரியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் செருப்பை மாட்டும்போது அருகில் வந்தார்.

"ஞாயித்துக்கிழம மட்டும் வாயேன் சேகரு. அன்னிக்குத்தான் இவனால தாங்க முடியல. நல்லாவே தரேன்." தோளில் தட்டினார். "நீதான் ஞாயித்துக்கிழம சும்மா கீறியே."

இந்த முறை கேட்டேன்

முன்பு செய்த தவறை மறுபடி செய்யவில்லை. அன்று மாலையே, இரண்டாவது கும்பல் போனதும், வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்ன தொகையையும் சொன்னேன். அவள் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அது வந்தா நான் டியூஷன விட்டுரலாங்க" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு ஆசையை நான் அதுவரை கேட்டதில்லை. "ஞாயித்துக்கிழமயாவது காலைய நீட்டிப் படுப்பேன்."

"அப்ப நீ வீட்ல. நான் கடையில."

"ஆமா."

"அப்டித்தானே வசந்தா முன்ன இருந்தோம்."

அவள் யோசித்தாள். துடைக்கிற துணியை நாலாக மடித்தாள். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் தேடியது தெரிந்தது.

"கட அமாவாசைக்கு லீவு இல்லியா? ஞாயித்துக்கிழமயில வருமில்ல."

வரும் என்றேன். சரி என்று ஒத்துக்கொண்டேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும், அவளுடைய அந்த நீட்டிய காலை நான் மடக்கச் சொன்னதாக ஆகியிருக்கும்.

இப்போது என் நிலவரத்தை உள்ளபடி எழுதிவிடுகிறேன். திங்கள் முதல் சனிவரை வந்தவாசி. ஞாயிறு பட்டுக் கடை. இரண்டும் சேர்ந்து பழைய சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. முன்பு அமாவாசை தோறும் எனக்கு ஒரு நாள் ஓய்வு இருந்தது. இப்போது வார நாளில் வருகிற அமாவாசைக்கும் நான் பஸ் ஏறுகிறேன். நேரம்தான் வேண்டும், பணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பியவன், வாரத்தில் ஏழு நாளும் வேலை பார்க்கிறேன். முதலாளி இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். ஜெயசீலன் சிரிப்பதில்லை. பதினொரு மணிக்கு வந்ததும் எனக்கு ஒரு டீ வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போகிறான்.

வட்டம்

அதற்குப் பிறகு வந்த முதல் அமாவாசை ஞாயிறு சென்ற மாதம். கடை மூடியிருந்தது. பிள்ளைகள் இல்லை. வெள்ளைப் பலகை கட்டிலுக்கடியில் போய்விட்டது.

வசந்தா காலையில் வாசலில் நின்று தெருவைக் கேட்டாள். கேட்பதற்கு இப்போது அவ்வளவு இல்லை. தெருவில் தறிகள் குறைந்துவிட்டன, அவள் காதுக்கும் அவை பழகி வெகு காலமாயிற்று. ஆனாலும் நின்றாள்.

பதினொரு மணிக்குச் சாப்பாடு போட்டாள். பாத்திரம் தேய்க்க நான் எழுந்தேன், விட்டுவிட்டாள். கை துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அவள் சிமென்ட் தரையில் தலைப்பை விரித்துப் படுத்திருந்தாள். பதினொன்று ஐம்பது.

இந்த முறை என்னிடம் தாள் எதுவும் இல்லை. மூன்றடி தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் உள்ளங்காலில் வெடிப்பு இருந்தது. வலது கை ஆள்காட்டி விரலில் பலகைப் பேனாவின் நீல மை, டியூஷன் நின்று இத்தனை வாரம் கழித்தும், நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. பள்ளியிலும் அதே பேனாதான் போலிருக்கிறது. மின்விசிறி சுற்றியது. நான் எழுப்பவில்லை.

மூன்று நாற்பதுக்குப் பின்தெருவில் ஒரு பவர்லூம் ஓடத் தொடங்கியது. பவர்லூம்காரர்களில் சிலர் இப்போதெல்லாம் அமாவாசைத் திதி முடிந்ததும் ஓட்டிவிடுகிறார்கள். வசந்தா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அமாவாச முடிஞ்சிடுச்சா?"

தினசரிக் காலண்டரைக் காலையிலேயே பார்த்திருந்தேன். பகல் இரண்டு பதினெட்டு வரை என்று போட்டிருந்தது.

"இல்ல, இன்னும் கீது. நீ தூங்கு" என்றேன்.